யோபு மூன்றாம் அதிகாரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் எழுத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. வேதாகமத்தைப் பற்றி எழுதும்போது நீங்கள் பிரசங்கம் பண்ணுவதில்லை, அதனால் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர் புதுக் கட்டடங்களுக்கு வயரிங் வேலை செய்கிறவர். போன வருஷம் சாரம் சரிந்து இரண்டாம் மாடியிலிருந்து விழுந்துவிட்டார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆபரேஷன் முடிந்தது. இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் மாமியார், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், நான்.

எங்களுக்குக் களக்காடு பக்கம். தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபை. ஆரம்பத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பிறகு மாமியாருக்குப் பழக்கமான ஒரு ஜெபக்குழு வர ஆரம்பித்தது. வீட்டில் அறிக்கை பண்ணாத பாவம் இருக்கிறது, விசுவாசம் போதாது, மாத்திரையும் பிசியோதெரபியும் அவிசுவாசம் என்கிறார்கள். "சுகமாயிட்டேன்னு சொல்லுங்க" என்று அவரையே சொல்ல வைக்கிறார்கள். நான் அழுதால் முறுமுறுக்கக் கூடாது என்கிறார்கள். எனக்கு ஜெபமே வரவில்லை. ஒரு ராத்திரி அடுக்களையில் நின்று, "நீர் இருக்கீரா இல்லையா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அது பாவமா அண்ணாச்சி?

தினமும் படுக்கும் முன்னால் அவர் "வாசி" என்பார். வேதத்தை எடுத்து வாசிக்கிறேன். மனசுக்குள் ஒன்றும் இல்லை. இது மாய்மாலம்தானே? கஷ்டத்தில் கர்த்தர் பெலன் தந்தார் என்று எத்தனை பேர் சாட்சி சொல்கிறார்கள். அந்தப் பெலன் எங்கேயிருந்து வருகிறது?

பெயர் போட வேண்டாம்.

ச.

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மருந்து. எதையும் நிறுத்தாதீர்கள், ஒரு நாள்கூட. உணர்வில்லாத உடம்பில் படுக்கைப்புண் வலிக்காமலே வரும். வலி தெரியாததால் ஆழமான பிறகுதான் கண்ணில் படும். சிறுநீர்த் தொற்றும் அப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, தினமும் தோலைப் பார்ப்பது, மூட்டுகள் இறுகிப்போகாமல் காலை மடக்கி நீட்டுவது எல்லாம் அவர் உயிரோடு சம்பந்தப்பட்டவை. பிசியோதெரபிக்கு வருகிறவரை வாசலோடு திருப்பி அனுப்பச் சொல்லும் எந்தத் தீர்க்கதரிசனத்துக்கும் நீங்கள் கீழ்ப்படிய வேண்டாம்.

மருந்து அவிசுவாசம் என்று நம் பக்கத்தில் ஒருவர் சொல்வது எனக்கு விநோதமாக இருக்கிறது. லண்டன் மிஷன்காரர்கள் குமரி மாவட்டத்து நெய்யூரில் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கியது 1838-இல். பின்னாளில் அங்கே கத்தி பிடித்த சாமர்வெல், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்தவர். மலையிலிருந்து இறங்கி நெய்யூருக்கு வந்து குடலையும் வயிற்றையும் அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஆஸ்பத்திரியைத் தொடங்கியது ஒரே ஒரு கட்டிலோடு. இவர்கள் விசுவாசம் குறைந்துபோய் ஆஸ்பத்திரி கட்டினார்கள் என்று சொல்ல ஜெபக்குழுவுக்குத் தைரியம் உண்டா? பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறான். தன்னோடு ஊழியத்தில் இருந்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதிக்காரனாகவே விட்டுவிட்டு வந்ததாகவும் எழுதுகிறான். பவுலின் ஜெபத்துக்கும் எல்லாம் குணமாகவில்லை. மாம்சத்தில் ஒரு முள் என்று அவன் சொன்ன அவனுடைய சொந்த உபாதையே எடுபடவில்லை. மூன்று தடவை வேண்டிக்கொண்டதாக அவனே சொல்கிறான்.

பாவத்தைப் பற்றி. லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஒரு கட்டட விபத்து வருகிறது. பிரசங்கங்களில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். எருசலேமில் சீலோவாம் பக்கம் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போனார்கள். ஊரே அன்று என்ன பேசியிருக்கும் என்று ஊகிக்கலாம். இயேசு கேட்கிறார்: எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா? இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். யோவான் ஒன்பதில் பிறவிக் குருடனைக் காட்டி, "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா" என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டுமல்ல என்றுதான் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் விழுந்ததற்குச் சரியாகக் கட்டாத சாரமும், இடுப்பில் பெல்ட் இல்லாமல் ஆளை மேலே ஏற்றிய வேலைமுறையும் காரணம். அறிக்கை பண்ண வேண்டிய பாவம் அங்கே இருக்கிறது. அதற்கு யாரும் உபவாச ஜெபம் வைக்க மாட்டார்கள்.

அடுக்களையில் நின்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

சொத்தையும் பிள்ளைகளையும் உடம்பின் சுகத்தையும் இழந்த யோபுவின் கதையில், நம் சபைகளில் முதல் அதிகாரம் எல்லாருக்கும் தெரியும். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனம் ஒலிக்காத அடக்க ஆராதனையை நான் பார்த்ததில்லை. கடைசி அதிகாரமும் தெரியும், இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது. இடையில் ஏறக்குறைய நாற்பது அதிகாரங்கள் கிடக்கின்றன. அவற்றை யாரும் சத்தமாக வாசிப்பதில்லை. மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாய்திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். முதல் அதிகாரத்தில் ஸ்தோத்திரம் சொன்ன அதே வாய். அதன் பிறகு அவன் நிறுத்தவே இல்லை. என்னை ஏன் குறிவைத்தீர் என்கிறான், எச்சில் விழுங்கக்கூட விடமாட்டீரா என்கிறான், உம்மோடு வழக்காட வேண்டும், ஆனால் நடுவில் நிற்க ஆள் இல்லையே என்கிறான். நீங்கள் கேட்டது இதில் கால்வாசி இருக்காது.

அவனைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். வந்தவுடன் அவர்கள் செய்தது நல்ல காரியம்: ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதோடு எழுந்து போயிருந்தால் வேதாகமத்திலேயே சிறந்த துக்க விசாரிப்பு அதுவாக இருந்திருக்கும். பிறகு பேச ஆரம்பித்தார்கள். குற்றமில்லாதவன் அழிந்தது உண்டோ, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், நீ மனம் திரும்பினால் எல்லாம் சரியாகும். உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, பில்தாத்தின் பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பயந்தவர்கள். காரணமே இல்லாமல் ஒரு நல்ல மனுஷன் சாரத்திலிருந்து விழலாம் என்றால் நாளைக்குத் தங்கள் மகனும் விழலாம். அந்த நினைப்போடு ராத்திரி தூங்க முடியாது. உங்கள் வீட்டில் ஒரு பாவத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும். யோபுவே இதைச் சொல்லிவிடுகிறான்: என் ஆபத்தைக் கண்டு நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று.

முடிவில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். காரணம் சொல்வதில்லை. இதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஏன் இப்படி நடந்தது என்ற கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் யோபுவுக்குப் பதில் கிடைக்கவே இல்லை. ஆனால் நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் அவர் எலிப்பாஸிடம் திரும்பி, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். கடவுளுக்கு வக்கீலாக வாதாடிய மூன்று பேரும் ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் கொண்டு போய்ப் பலியிட வேண்டும், யோபு அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். சபித்தவன் ஜெபிக்கிறான், தேற்றினவர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். எழுதினவன் யாரென்று தெரியாது, கெட்டிக்காரன்.

சங்கீதப் புத்தகமும் இதே கதைதான். பதின்மூன்றாம் சங்கீதம் முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் கடைசி வரைக்கும் விடியவே இல்லை. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் ஒரு ஸ்தோத்திரத்தில் போய் நிற்கும், இது இருட்டிலேயே நின்றுவிடுகிறது. இதை வெட்டி எறியாமல் தலைமுறை தலைமுறையாக ஆலயத்தில் பாடி வைத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி. வலி உச்சத்தில் இருக்கும்போது அவருக்கு வாயில் வந்தது சின்ன வயதில் மனப்பாடமான ஒரு புலம்பல். நீங்கள் அடுக்களையில் கேட்டது பாவம் என்றால் நல்ல துணை உங்களுக்கு இருக்கிறது.

பெலன் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். நான் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவன் அல்ல. சாட்சி மேடையில் ஏற எனக்குத் தகுதியில்லை. கண்டதையும் படித்ததையும் சொல்கிறேன்.

மேரி வர்கீஸ் என்று ஒரு மருத்துவர். கேரளத்துக்காரர். வேலூரில் படித்து அங்கேயே வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1954 ஜனவரியில் அவர் போன வண்டி விபத்துக்குள்ளானது. முகம் சிதைந்தது, முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு ஆனது போலத்தான். அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஊன்றிய கிறிஸ்தவக் குடும்பம், ஜெபத்துக்குப் பஞ்சமில்லாத ஆஸ்பத்திரி. கால் வரவில்லை. அந்த நாட்களில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டிருந்தார். தசைநாரை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் தைக்கிற நுட்பமான வேலை. கையை மேசைமேல் வைத்து, உட்கார்ந்தபடியே செய்யலாம். இதை ஏன் நீ செய்யக் கூடாது என்று அவர் கேட்டார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடி அந்தக் கைகளை அறுத்துத் தைக்க ஆரம்பித்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் இறந்தார். பாகாயம் நிலையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையும் தன் வேலையைத் தானே செய்துகொள்வதையும் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். முடிந்தால் ஒருமுறை உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதைச் சொல்வது, "பார், அவர் சாதித்தார், நீயும் சாதி" என்பதற்காக இல்லை. அதுவும் எலிப்பாஸ் பேச்சுதான். அவருக்கு ஒரு ஆஸ்பத்திரியே பின்னால் நின்றது, உங்களுக்கு நிற்கவில்லை. நான் கவனிக்கிறது வேறொன்று. "சுகமாகிவிட்டேன்" என்று ஒப்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் அவரால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே முடியாது. கால் போய்விட்டது என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் கைக்கு வேலை கிடைத்தது.

உங்கள் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் விழுந்தது களக்காட்டில்தான். புதிதாக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், மாலை மங்கலில், தோண்டிப்போட்டிருந்த குழிக்குள் விழுந்தார். அவருக்காக ஜெபிக்க ஒரு ஊரே இருந்தது. 1951-இல் சாகும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். நன்றாக இருக்கிறவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதுகிற ஆறுதல் புத்தகங்கள் தனக்கு ஒட்டவில்லை என்று கண்டு, நோயாளி நோயாளிகளுக்கு எழுதுவதாக அவரே ஒரு புத்தகம் எழுதினார். அவரிடம் போய் விசுவாசம் குறைவு என்று சொல்ல யாராவது துணிந்திருப்பார்களா?

நம் பக்கத்துப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் நிற்கும், பார்த்திருப்பீர்கள். தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி, மூச்சு வாங்கி, திரும்பத் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சுமையின் எடை கொஞ்சம்கூடக் குறையாது. கஷ்டத்தில் விசுவாசம் தாங்கியது என்று உண்மையாகச் சொன்னவர்களிடம் நான் துருவிக் கேட்டபோதெல்லாம் எனக்குக் கிடைத்தது இந்த அளவுக்கான பதில்தான். திட்டுவதற்கு ஒருவர் எதிரே இருந்தார், இறக்கிவைக்க ஒரு நேரம் இருந்தது, அடுத்த நாளுக்கு எழ முடிந்தது. அதற்கு மேல் தந்ததாகச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களை நான் மறுக்கவில்லை. உங்களுக்கு அது வராவிட்டால் குறை என்று எண்ண வேண்டாம்.

எலியா தீர்க்கதரிசிக்கு நடந்ததை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள், முதலாம் இராஜாக்கள் பத்தொன்பது. சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தூதன் வருகிறான். கடிந்துகொள்ளவில்லை, வசனம் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்று தட்டி எழுப்புகிறான். தின்றுவிட்டு மறுபடி தூங்குகிறான். மறுபடி எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்கிறான். உங்கள் கடிதத்தில் நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்ட எழுகிறவளுக்கு ஜெபம் வராதது ஆவிக்குரிய பிரச்சினையாக எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் சபை வர வேண்டும். மாற்கு இரண்டில் உடம்பு செயலிழந்த ஒரு திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு தூக்கிவருகிறார்கள், நான்கு பேர். கூட்டம் வழிவிடாததால் வீட்டின் மேற்கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அவர்கள் விசுவாசத்தைக் கண்டு இயேசு அவனோடு பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. உங்கள் சேகரத்து ஐயரை, அதாவது சபையின் போதகரை, போய்ப் பாருங்கள். ஜெபக்குழுவை நிறுத்தச் சொல்லி மாமியாரிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம், அதை ஐயர் பேசட்டும். மூப்பர்களோடு வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், யாக்கோபு நிருபம் அதைச் சொல்கிறது, மாமியாருக்கும் மனசு ஆறும். பெண்கள் ஐக்கியத்தில் வாரத்துக்கு இரண்டு மத்தியானம் ஒருவர் வந்து அவர் பக்கத்தில் இருக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் தூங்க வேண்டும், துணி துவைக்கக் கூடாது. சபையில் கொத்தனார்கள் இருப்பார்கள். உங்கள் வாசலிலும் கோவில் படியிலும் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட ஒரு நாள் வேலை. அசனம் என்ற சபை விருந்துக்கு அண்டாக் கணக்கில் சோறு வடிக்கிற நம் சபைகளுக்கு இது பெரிய காரியமில்லை, யாராவது வாய்விட்டுக் கேட்க வேண்டும். வெட்கப்படாமல் கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் மனு கொடுக்கவில்லையென்றால் அதையும் ஐக்கியத்தில் படித்த பெண் ஒருத்தியிடம் ஒப்படையுங்கள்.

வாசிப்பது மாய்மாலமா? இல்லை. அவர் வாசி என்றார், நீங்கள் வாசித்தீர்கள். மனசு ஒட்டாத நாளில் வேறொருவருடைய வார்த்தையைச் சொல்வதற்குத்தானே எழுதப்பட்ட ஜெபங்களே இருக்கின்றன. எதை வாசிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வாக்குத்தத்த வசனங்களாக இருந்தால் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். பதின்மூன்றையும் இருபத்திரண்டையும் எண்பத்தெட்டையும் வாசியுங்கள். யோபு மூன்றையும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜெபக்குழு சொன்னது இருக்கிறது, மாமியார் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், நீங்கள் கேட்டது இருக்கிறது. அவர் வாயிலிருந்து வருவதாக இருப்பது "வாசி" என்ற ஒரு சொல் மட்டும். மற்றதெல்லாம் அவரைச் சொல்ல வைத்தது. எரிகோவில் பர்திமேயு என்ற குருடன் கத்திக் கூப்பிட்டபோது, பார்த்தாலே தெரிகிற குறைதான் என்றாலும், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவனிடமே கேட்டார். உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த ஒரு வருஷத்தில் யாராவது கேட்டார்களா? அடுக்களையில் நீங்கள் கேட்ட கேள்வியை அவரும் ராத்திரி கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருக்கலாம், நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று சத்தமில்லாமல். பிள்ளைகள் தூங்கிய பிறகு கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டிய கட்டாயமில்லை. பாகாயம் போவதென்று முடிவு செய்தால் மட்டும் எழுதுங்கள், வேலூரில் தங்குவதற்கு என்னால் ஆனதைச் செய்கிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி